சோதனை முடிந்தபின் என்ன? பயணக் கப்பல்களும் நலப் பரிசோதனையும்

2020 மார்ச் 5. சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்பால் கடலிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்த ‘கிராண்ட் பிரின்சஸ்’ சொகுசுக் கப்பலுக்குக் கலிபோர்னியா தேசியக் காவற்படையின் ஹெலிகாப்டர் பரிசோதனைப் பொருள்களைக் கொண்டுவந்து இறக்கியது. கப்பலில் 3,500 பேருக்கு மேல் இருந்தார்கள். 46 பேரிடம் மட்டும் மாதிரி எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தபோது 21 பேருக்குக் கொரோனா தொற்று இருந்தது. அவர்களில் பயணிகள் இருவர். மற்ற 19 பேரும் பணியாளர்கள்.

அப்போது ஹவாய்ப் பயணத்தில் இருந்த இந்தக் கப்பல், அதற்கு முன் மெக்சிகோ வரை ஒருமுறை போய்வந்திருந்தது. இரண்டு பயணங்களுக்கும் இடையே பயணிகளில் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள். பணியாளர்களில் பெரும்பாலோர் மாறவில்லை. ஒரு பயணத்தின் நோயை அடுத்த பயணத்துக்குக் கடத்தும் பாலமாக அவர்கள் ஆகியிருக்கக்கூடும் என்று பின்னர் நடந்த ஆய்வு கூறியது. கப்பலில் ஏறும் பயணியிடம் என்ன சான்றிதழ் கேட்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்த சோதனை செல்லும் என்றெல்லாம் அடுத்த இரண்டு ஆண்டுகள் உலகம் விவாதித்தது. அவசியமான விவாதம்தான். ஆனால் கப்பல்களில் நோய் பரவிய வரலாற்றைப் படித்தால் வேறொரு கேள்விதான் மேலோங்கி நிற்கிறது: நோய் இருப்பது தெரிந்தபின், அந்த மனிதரை என்ன செய்யப்போகிறோம்? இதற்கு விடை வைத்திருந்த சோதனைகள் பயன் தந்தன. விடை இல்லாத சோதனைகள் வெறும் வாசற்கதவாகவே நின்றன.

சீட்டின் வகுப்பும் சோதனையின் கடுமையும்

கப்பலில் வருபவரைச் சோதிப்பது புதிய வழக்கமில்லை. இன்றைய டுப்ரோவ்னிக், அன்றைய ரகூசா நகரம், 1377இலேயே கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்களை முப்பது நாள் விலக்கிவைக்கச் சட்டம் செய்தது. நாடுகள் ஒன்றுகூடி இந்த விதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது 1851இல் பாரிஸில் நடந்த முதல் சர்வதேச சுகாதார மாநாட்டில். துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறிய தனிமைப்படுத்தல் விதிகள் வணிகத்துக்குத் தொல்லையாக இருந்ததே மாநாட்டுக்கு முக்கியக் காரணம். நோயைத் தடுப்பதும் வணிகத்தைத் தடுக்காமல் இருப்பதும் ஆகிய இரு விருப்பங்களுக்கிடையே அன்று தொடங்கிய இழுபறி இன்றும் ஓயவில்லை.

1891இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஒரு முக்கியமான திருப்பம். தொற்றுநோய் உள்ளவர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்றதோடு, அப்படித் திருப்பி அனுப்பப்படுபவரைக் கப்பல் நிறுவனமே தன் செலவில் கொண்டுபோய்விட வேண்டும் என்றும் அது சொன்னது. செலவு தன் தலையில் விழும் என்றதும் நிறுவனங்கள் ஐரோப்பியத் துறைமுகங்களிலேயே பயணிகளைச் சோதிக்க ஆரம்பித்தன. பயணத்துக்கு முன்பே சோதனை என்ற இன்றைய நடைமுறையின் வேர்களில் ஒன்று இந்தச் செலவுக் கணக்கு.

எல்லாரும் ஒரே மாதிரி சோதிக்கப்படவும் இல்லை. நியூயார்க் வந்த கப்பல்களில் முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பினார்கள். கீழ்த்தளத்தில் மலிவான சீட்டில் வந்தவர்கள்தாம் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு வரிசையில் நின்றார்கள். அங்கே கண்நோய் இருக்கிறதா என்று பார்க்க இமையைப் புரட்டினார்கள்.

தமிழர்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டார்கள். முகாம் இருந்தது இந்திய மண்ணில். நடத்தியது இலங்கை அரசு. காலராவும் பெரியம்மையும் பிளேக்கும் கடல் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகச் சில நாள் கண்காணித்து, அம்மை குத்தி, அதன் பிறகே தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். சிங்கப்பூர் போனவர்களுக்கு இதே வேலையைச் செய்தது அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் தீவு. தோட்டத்தையும் துறைமுகத்தையும் காப்பதற்காகவே இந்தச் சோதனைகள் ஏற்பட்டன. சோதிக்கப்பட்டவரைக் காப்பது அவற்றின் முதல் நோக்கமாக இருந்ததில்லை.

ஒரு படிவத்தின் நேர்மை

இன்று கடலில் நடைமுறையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள். 2007 ஜூன் 15 முதல் அவை செயல்படுகின்றன. கப்பலின் சுகாதாரத்தை ஆய்ந்து தரும் சான்றிதழ் அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். பயணிகளின் உடல்நிலையைப் பற்றித் துறைமுகத்துக்குச் சொல்வது ‘கடல்சார் சுகாதார அறிவிப்பு’ என்று அறியப்பட்ட படிவம். பயணத்தில் விபத்து தவிர்த்து வேறு காரணத்தால் யாரேனும் இறந்தார்களா, தொற்றுநோய் என்று சந்தேகிக்கத்தக்க நோயாளி உண்டா, நோயுற்றவர் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமா என்று வரிசையாகச் சில கேள்விகள். கேப்டன் கையெழுத்திட வேண்டும். கப்பலில் மருத்துவர் இருந்தால் அவரும் ஒப்பமிட வேண்டும்.

இந்தப் படிவம் முழுக்க நேர்மையை நம்பி நிற்கிறது. பயணி மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருத்துவர் கேப்டனிடம் சொல்ல வேண்டும், கேப்டன் துறைமுகத்திடம் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் உண்மையைச் சொல்பவர் ஒவ்வொருவருக்கும் நஷ்டம் காத்திருக்கிறது. பயணிக்குப் பயணம் பாழாகும். மருத்துவருக்கு நிர்வாகத்தின் அதிருப்தி. கேப்டனுக்குத் துறைமுகம் மறுக்கப்படும் ஆபத்து. நோயைக் காரணம் காட்டி எந்தத் துறைமுகமும் கப்பலைத் தடுக்கக் கூடாது என்பதே ஒழுங்குவிதிகளின் பொது ஏற்பாடு. 2020 பிப்ரவரியில் ‘வெஸ்டர்டாம்’ கப்பல் துறைமுகம் துறைமுகமாகத் திருப்பி அனுப்பப்பட்டபோது அந்த ஏற்பாடு காற்றில் போயிற்று. கடைசியில் கம்போடியாவின் சிஹானூக்வில் அதை ஏற்றுக்கொண்டது. அங்கே இறங்கி மலேசியா போன ஒரு மூதாட்டிக்குத் தொற்று இருப்பதாகச் சோதனை சொல்ல, உலகமே பதறியது. பின்னர் அவருக்குத் தொற்றே இருந்ததில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முடிவுசெய்தது. தவறான ஒரு நேர்மறை முடிவும் பெரும் சேதம் விளைவிக்கும் என்பதற்கு இது சான்று.

யோகோஹாமாவில் சாப்பாட்டுத் தட்டுகள்

‘டயமண்ட் பிரின்சஸ்’ கதை பலருக்கும் தெரியும். 2020 ஜனவரி 20இல் யோகோஹாமாவிலிருந்து புறப்பட்டது. ஜனவரி 25இல் ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குத் தொற்று இருப்பது பிப்ரவரி 1இல் உறுதியாயிற்று. கப்பல் யோகோஹாமா திரும்பியதும் முதலில் வெளியான 31 சோதனை முடிவுகளில் 10 பேருக்குத் தொற்று. பிப்ரவரி 5 முதல் பயணிகள் கேபின்களுக்குள் இருத்தப்பட்டார்கள். முடிவில், கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. சோதனை செய்த நேரத்தில் அவர்களில் 331 பேருக்கு, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சலையும் இருமலையும் விசாரித்துப் பயணிகளை உள்ளே விடும் முறை எவ்வளவு ஓட்டையானது என்பதை இந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுத்தது.

அதே கப்பலில் பணியாளர்களிடையே நடந்த விசாரணை அவ்வளவாகப் பேசப்படவில்லை. பயணிகள் அறைக்குள் இருக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் சமைத்தார்கள், தட்டுகளை வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், திரும்ப எடுத்தார்கள். அவர்களுடைய கேபின்களில் ஒருவருக்கு மேல் தங்கினார்கள். உண்ணும் கூடமும் பொது. பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான 20 பணியாளர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேருடைய கேபின்கள் மூன்றாம் தளத்தில் இருந்தன. உணவுப் பிரிவினர் தங்கிய தளம் அது. ஆக, ஒரே கப்பலில் இரண்டு தனிமைப்படுத்தல்கள் நடந்தன. ஒன்று கதவடைத்துக் காக்கப்பட்டவர்களுடையது. மற்றது அந்தக் கதவுகளுக்கு வெளியே உழைத்தவர்களுடையது. பெயருக்குக்கூட அது தனிமைப்படுத்தல் இல்லை.

கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். 132 பேர் பணியாளர்கள். பிப்ரவரி 27இல் ஏர் இந்தியா விமானம் 119 பேரை டெல்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 16 இந்தியருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. நம் நாட்டைப் பொறுத்தவரை சொகுசுக் கப்பல் சுகாதாரம் என்பது முதலில் தொழிலாளர் பிரச்சினை. சுற்றுலாப் பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

‘இல்லை’ என்ற முடிவுக்கு என்ன பொருள்?

2020 மார்ச் 15இல் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து அண்டார்டிக்காவுக்குப் புறப்பட்ட ‘கிரெக் மார்ட்டிமர்’ அன்றைய அளவில் எச்சரிக்கையான கப்பல். ஏறும்போது எல்லாருக்கும் வெப்பநிலை பார்த்தார்கள். தொற்று அதிகமிருந்த நாடுகள் வழியாக முந்தைய மூன்று வாரத்தில் வந்தவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. எட்டாம் நாள்தான் முதல் காய்ச்சல் தெரிந்தது. பிறகு கப்பலில் இருந்த 217 பேரையும் சோதித்தபோது 128 பேருக்குத் தொற்று. அவர்களில் ஐந்தில் நால்வருக்கு அறிகுறியே இல்லை. ஒரே கேபினில் தங்கிய இருவரில் ஒருவருக்கு ‘உண்டு’, மற்றவருக்கு ‘இல்லை’ என்று வந்தது பத்துக் கேபின்களில் நடந்தது. ‘இல்லை’ என்று வந்த சிலருக்கு உண்மையில் தொற்று இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள்.

ஐயத்துக்குக் காரணம் உண்டு. பிசிஆர் சோதனை வைரஸின் மரபுப்பொருளைத் தேடுகிறது. உடலில் வைரஸ் போதிய அளவு பெருகுவதற்கு முன் தேடினால் கிடைக்காது. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, தொற்று ஏற்பட்ட நான்காம் நாள் சோதித்தால் மூன்றில் இருவருக்குத் தவறாக ‘இல்லை’ என்று வரும். எட்டாம் நாளில்கூட ஐந்தில் ஒருவருக்கு அப்படி வரும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒருவர் சோதித்துக்கொள்கிறார், அதற்கு முந்தைய நாள் அவர் ஒரு கல்யாணத்தில் தொற்றுக்கு ஆளாகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் சுத்தமாக இருக்கும். துறைமுகம் வந்து சேரும் வழியில் விமான நிலையத்திலும் விடுதியிலும் தொற்றினால் அதைப் பற்றிச் சான்றிதழுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஏறும் முன் செய்யும் சோதனை நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். கப்பலை நோயற்றதாக ஆக்காது. அதைக் கைவிட இது காரணமாகாது. அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கே காரணமாகும்.

எடுத்த மாதிரி, காத்திராத வாசல்

சிட்னியில் நடந்தது நேர்மாறான பிழை. 2020 மார்ச் 19 காலை ‘ரூபி பிரின்சஸ்’ கப்பலிலிருந்து ஏறத்தாழ 2,650 பயணிகள் இறங்கி ஊருக்குள் கலந்தார்கள். கப்பலில் சளி, காய்ச்சல் கண்டவர்களிடம் எடுத்த மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தன. முடிவு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. கப்பல் ‘குறைந்த ஆபத்து’ உடையது என்று சுகாதாரத் துறை முன்பே வகைப்படுத்தியிருந்தது. மறுநாள் முடிவு வந்தது. அதற்குள் பயணிகள் ஆஸ்திரேலியாவெங்கும், கடல் கடந்தும் போயிருந்தார்கள். அந்தப் பயணத்தோடு தொடர்புடைய சாவுகள் 28.

வழக்கறிஞர் பிரெட் வாக்கர் தலைமையிலான சிறப்பு விசாரணை ஆணையம் 2020 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. மாதிரிகளை உடனே சோதிக்காமல் விட்டதை மன்னிக்க முடியாத தவறு என்று அது கண்டது. 2023 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் கப்பல் நிறுவனமும் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. சோதனை செய்தாகிவிட்டது என்ற நிம்மதி, முடிவுக்காகக் காத்திருக்கும் பொறுமையைத் தின்றுவிடக் கூடாது. அன்று சிட்னியில் அதுதான் நடந்தது.

விதிகளின் இரண்டு ஆண்டு

அமெரிக்கா 2020 மார்ச் 14இல் கப்பல்கள் பயணிகளோடு ஓடுவதைத் தடைசெய்தது. அக்டோபர் 30இல் அந்தத் தடைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு கூடிய ஆணை வந்தது. அந்த ஆணையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பணியாளர்களைச் சோதிக்கக் கப்பலுக்கு ஆய்வக வசதி. பிறகு தன்னார்வப் பயணிகளை வைத்து ஒத்திகைப் பயணம். நோயாளிகளைக் கரையில் எங்கே தங்கவைப்பது, எந்த மருத்துவமனை ஏற்கும் என்று துறைமுகங்களோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம். அதற்குப் பிறகே பயணிகள். பணியாளர்களில் 98 விழுக்காடும் பயணிகளில் 95 விழுக்காடும் முழுத் தடுப்பூசி போட்டிருந்தால் ஒத்திகை தேவையில்லை என்று பின்னர் தளர்த்தினார்கள். நோய் கண்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்ட விதி இது. அதனால்தான் இதை நான் மதிக்கிறேன்.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. புளோரிடா மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2021 ஜூன் 18இல் அந்த ஆணைக்கு எதிராக இடைக்காலத் தடை பெற்றது. தடுப்பூசிச் சான்று கேட்கக் கூடாது என்று அதே மாநிலம் சட்டம் போட, ஒரு கப்பல் நிறுவனம் எங்களுக்குக் கேட்க உரிமை வேண்டும் என்று நீதிமன்றம் போயிற்று. நிறுவனமே கட்டுப்பாட்டைக் கேட்டு வாதாடியதும் அரசு அதை எதிர்த்ததும் கடல்சார் சுகாதார வரலாற்றில் அரிய காட்சி. ஜூன் 26இல் ‘செலிபிரிட்டி எட்ஜ்’ கப்பல் புளோரிடாவிலிருந்து புறப்பட்டு அமெரிக்கப் பயணங்களை மீண்டும் தொடங்கிவைத்தது. 2022 ஜனவரிக்குப் பிறகு விதிகள் விருப்பம்சார்ந்தவையாகின. ஜூலை 18இல் அந்த விருப்பத் திட்டமும் முடிந்தது.

நம் கடலிலும் அதே நாட்களில் பாடம் கிடைத்தது. 2022 ஜனவரித் தொடக்கத்தில் மும்பையிலிருந்து கோவா போன சொகுசுக் கப்பலில் ஏறத்தாழ 2,000 பேரைச் சோதித்தபோது 66 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்தும் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கிற்று. 2023 ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை நீண்டது.

வாசலில் பிடிபடாத நோய்கள்

கொரோனாவுக்கு முன்பும் பின்பும் கப்பல்களை அதிகம் வாட்டுவது நோரோ வைரஸ். வாந்தியும் வயிற்றுப்போக்கும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். மிகக் குறைந்த அளவு வைரஸே தொற்றுக்குப் போதும். ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான் அதை நன்றாகக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கப்பலேறும் ஒவ்வொருவரையும் இதற்காகச் சோதிப்பது நடைமுறையில் இல்லை. அதனால் அமெரிக்காவில் 1970களிலேயே தொடங்கிய கப்பல் சுகாதாரத் திட்டம் வேறு வழியைப் பிடித்தது. முன்னறிவிப்பில்லாமல் கப்பலைச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. பயணிகளிலோ பணியாளர்களிலோ 2 விழுக்காட்டினர் வயிற்று நோய்க்காக மருத்துவரிடம் வந்துவிட்டால் உடனே அறிக்கை தர வேண்டும். 3 விழுக்காடு ஆனால் அந்தச் செய்தி பொதுமக்களுக்கு வெளியிடப்படும். நோயுற்ற உணவுப் பணியாளர் அறிகுறி நின்றபின்னும் 48 மணி நேரம் வேலைக்குத் திரும்பக் கூடாது.

1994 கோடையில் ‘ஹொரைசன்’ கப்பலில் லெஜியோனேர் நோய் ஒன்பது பயணங்களில் 50 பேரைத் தாக்கியது. காரணம் அங்கிருந்த சுழல்நீர்த் தொட்டி. அந்தப் பயணிகளை ஏறும்போது எத்தனை முறை சோதித்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. சோதித்திருக்க வேண்டியது தண்ணீரை. பயணியின் உடலைச் சந்தேகிக்கும் அளவுக்குக் கப்பலின் குழாய்களையும் சமையலறையையும் சந்தேகிக்கும் விதிகளே நல்ல விதிகள்.

உண்மை சொன்னால் நஷ்டமில்லை என்ற நிலை

கடலோடிகளுக்கும் பயணிகளுக்கும் இடையே விதிகளில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி பணியாளர் மருத்துவத் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் கப்பலேற முடியாது. அது அதிகபட்சம் இரண்டு ஆண்டு செல்லும். கொரோனா விதிகள் விலகியபின் பயணியிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது உடல்நிலை பற்றிய சுய அறிவிப்பு மட்டுமே. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருபவரிடம் தடுப்பூசிச் சான்று கேட்பது போன்ற சில விதிகள் தனி.

அதே ஒப்பந்தம் நோயுற்ற பணியாளருக்குச் சிகிச்சையும் ஊதியமும் தரும் பொறுப்பைக் கப்பல் உரிமையாளர்மீது வைக்கிறது. ஏட்டில் உள்ள இந்த உரிமை மூன்றாம் தளத்துக் கேபின் வரை வந்து சேர வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அஞ்சுகிற பரிசாரகர் வயிற்றுவலியை மறைப்பார். முழுக் கட்டணமும் போய்விடும் என்று அஞ்சுகிற பயணி கேள்வித்தாளில் ‘இல்லை’ என்று எழுதுவார். இருவரையும் ஒழுக்கக்கேடர்கள் என்று திட்டிப் பயனில்லை. மறைத்தால் லாபம், சொன்னால் நஷ்டம் என்று விதியை அமைத்தவர்கள்மீதுதான் முதல் குற்றம்.

ஆகவே ஒரு கப்பலின் சோதனை விதியை எடைபோட நான்கு கேள்விகள் போதும். ஏறும் முன் தொற்று தெரிந்தவருக்கும் அறிகுறியைத் தானே சொன்னவருக்கும் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது வேறு தேதியில் பயணம் உண்டா? நோயுற்ற பணியாளரைத் தனியறையில் வைத்து, சம்பளம் குறையாமல் ஓய்வு தர இடமும் ஆளும் இருக்கிறதா? கப்பலில் எடுத்த மாதிரியின் முடிவு வரும்வரை வாசல் மூடியிருக்குமா? அடுத்த துறைமுகத்தில் நோயாளியை ஏற்க ஒரு மருத்துவமனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறதா? சென்னையிலிருந்து கப்பலேறுபவரும் இவற்றைக் கேட்கலாம். சென்னைத் துறைமுகமும் கேட்க வேண்டும். நான்குக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்த கப்பலில், சோதனைக்குக் கை நீட்டுபவருக்கும் அதன் பயனில் பங்கு உண்டு. அந்தப் பங்கு இருந்தால்தான் அவர் உண்மையைச் சொல்வார். அந்த உண்மை கையில் இருந்தால்தான் எந்தக் கருவியும் கப்பலைக் காக்கும்.